கடற்கரை முனையிலிருந்து

நிந்தவூர்
2024 ஜனவரி 16

ஏழு கடலும் எட்டுத் திசையும் எதிர்பார்த்திருக்கும் சுழற்பந்துச் சுல்தான், என் தங்கச்சி றுகையா பெற்ற தங்கம், மருமகன் ஸப்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் சுகம். உன் மாமி முனவ்வறா சுகம், அவவின் கோழிகள் பதினேழும் சுகம். எனக்குத் தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. கொத்தமல்லித் தண்ணிக்குப் பயந்து ஓடிவிடும். உன் சுகத்தை உன் கையால் எழுதித் தெரிவி.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு உன் உம்மா வேலிக்கு மேலால் எட்டி, "காக்கா, உங்கட மருமகனைக் கொழும்புக் கிளப் ஒண்டு எடுத்திரிக்காம். முதல்தரப் போட்டியாம்" என்றா. அவ்வளவுதான். என் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை தானாக மூன்றடி துள்ளி மறுபடி கைக்கே வந்தது. ஒலுவில் துறைமுகத்தில் நின்ற வள்ளங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஹோர்ன் அடித்தன. சாகாமக் குளத்து முதலைகள் கரைக்கு வந்து வரிசையில் நின்றன. நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் நிற்காமல் இருந்திருக்க வழியில்லை.

ஒரு கட்டளை. எனக்குப் போன் எடுக்காதே. முதல்தர வீரனின் செய்தியை "ஹலோ, கேக்குதா, கேக்கல்ல" என்று அரைகுறையாக வாங்க நான் ஆயத்தமில்லை. கடிதம் எழுது. தபால்கார மசூர் சைக்கிள் மணியடித்துக் கொண்டுவந்து தர, ஊர் பார்க்க நான் பிரிக்க வேண்டும். அதுதான் மரியாதை.

நோன்புப் பெருநாள் முடிந்த சனிக்கிழமை நம் கடற்கரை மைதானத்தில் மென்பந்து இறுதிப் போட்டி. இது எனக்கு முப்பத்தோராவது வருஷம். அதற்குள் உன் சாதனைகள் எல்லாம் என் கையில் இருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் சொல்லக் காத்திருக்கிறேன்.

உன் சுழலுக்கு முதல் சாட்சி,
மீராமுகைதீன் மாமா
கடற்கரை மைதானத்தின் ஆயுட்கால அறிவிப்பாளர்


கம்பஸ் விடுதி, மொறட்டுவை
2024 ஜனவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். மாமியையும் கேட்டதாகச் சொல்லுங்கள். தொண்டைக்கு டொக்டரைக் காட்டினீர்களா? இரண்டு தரம் போன் எடுத்தேன். மாமிதான் தூக்கினா. நீங்கள் வயலுக்குப் போனதாகச் சொன்னா. ஒன்று இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு எடுத்தது மாமா. அந்த நேரத்தில் வயலில் என்ன வேலை?

நீங்கள் நினைப்பதுபோலப் பெரிய கிளப் இல்லை. அவர்களுடைய சுழற்பந்து வீச்சாளருக்குத் தோள்மூட்டு விலகிவிட்டது. பல்கலைக்கழகப் போட்டியில் என்னைப் பார்த்த பயிற்றுவிப்பாளர், அவர் சுகமாகி வரும்வரைக்கும் விளையாடச் சொன்னார். போட்டி மூன்று நாள். வெள்ளை உடுப்பு, தோல் பந்து. நாம் என்ன செய்தாலும் அது பதிவில் ஏறி அப்படியே நிற்கும். யாரும் அழிக்க முடியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

விக்கெட் காப்பாளர் வினோஜ் பாண்டிருப்பைச் சேர்ந்தவன். அவனுடைய அப்பா அழகரெத்தினம் உங்களுக்குத் தெரிந்தவராம், கடற்றொழில் செய்கிறவர். தமிழில் கதைக்க அவன் ஒருவன்தான்.

முதல் போட்டி பெப்ரவரி 9. துஆச் செய்யுங்கள்.

ஸப்ரி


நிந்தவூர்
2024 பெப்ரவரி 3

முதல்தர மருமகனுக்கு, முந்நூறு கிலோ ஸலாம்.

நானும் மாமியும் நலம். கோழி பதினாறு. பதினேழாவது உன் பெயரில் கந்தூரிச் சோறாகிவிட்டது.

என்ன கேள்வி இது, இஷாவுக்குப் பிறகு வயலில் என்ன வேலை என்று? வெள்ளாமை விளைந்து நிற்கிறது. இந்த முறை கதிர் எவ்வளவு பாரமென்றால், காற்றடித்தால் வயல் முழுக்கத் தொழுகைக்காரர்போல ருக்கூவில் குனிகிறது. பக்கத்தில் ஆள் நின்று நிமிர்த்திவிட வேண்டும். அந்த வேலைதான்.

அழகரெத்தினத்தைத் தெரியாதா? கல்முனையில் ஒரு முறை நான் அறிவிப்புச் செய்தபோது, கடலில் நின்றபடியே கேட்டு, ஸ்கோர் தெரியாமல் போய்விடும் என்று வலையை இழுக்காமல் விட்டவர். அன்றைக்கு அவர் வலையில் அம்பத்தெட்டுச் சுறாவும் ஒரு நீர்மூழ்கிக் கப்பலும் இருந்ததாகக் கேள்வி.

டொக்டரைப் பற்றி: எனக்கு நேரம் எங்கே? அம்பிளிபயரைத் திருத்த மட்டக்களப்புக்கு மூன்று தரம் போய் வந்துவிட்டேன். பழைய சாமான். உள்ளே பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கல்முனை பஸ் கண்டக்டர் இப்போது என்னிடம் "எங்க போற" என்று கேட்பதுகூட இல்லை.

பதிவில் ஏறுவது பற்றிப் பயப்படாதே. பதிவை வாசிப்பவர்கள் பத்துப் பேர். நான் சொல்வதைக் கேட்பவர்கள் பத்தாயிரம்.

உன் புகழ்பாடி,
மாமா


மொறட்டுவை
2024 பெப்ரவரி 13

அன்புள்ள மாமா,

நான் சுகம். நீங்களும் மாமியும் சுகமாக இருக்க அல்லாஹ் உதவி செய்வான்.

போட்டி முடிந்தது. நான் 19 ஓவர் போட்டேன். 88 ஓட்டம். விக்கெட் இல்லை. துடுப்பெடுத்து மூன்றும் பூச்சியமும். இன்னிங்ஸால் தோற்றோம்.

நல்லாத்தான் போனது. பரீட்சைக்குப் படிக்க வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஸப்ரி


நிந்தவூர்
2024 பெப்ரவரி 24

மருமகன்,

ஸலாம். சுகம் விசாரிப்பெல்லாம் கடைசியில்.

உன் கடிதத்தைச் சந்தியில் வைத்துப் பிரித்தேன். எண்பத்தெட்டு என்ற எண்ணைப் பார்த்ததும் மசூர் வாசிக்கத் தயங்கினான். நான் கையைக் காட்டி வாசிக்க வைத்தேன். ஊருக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கம்: கொழும்பு வீரர்கள் நம் பையனுடைய பந்தை மீண்டும் மீண்டும் பார்க்க ஆசைப்பட்டு, அதை எல்லைக் கோடுவரைக்கும் அனுப்பி அனுப்பி அழகு பார்த்தார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் கூசுமாம்.

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

ஸப்ரி, உன்னை ஆறு வயதில் இருந்து பார்க்கிறேன். உனக்கு அடி விழுவது எனக்குப் புதிதில்லை. காரைதீவுக்காரர் ஒருவர் ஒரே ஓவரில் ஐந்து சிக்ஸ் அடித்தபோதும், நீ வீட்டுக்கு வந்து அரை மணித்தியாலம் கதைத்தாய். எந்தப் பந்து எப்படித் திரும்பியது, எது திரும்பவில்லை என்று மாமியின் இடியப்பத் தட்டிலே உருட்டிக் காட்டினாய். இப்போது மூன்று நாள் விளையாடிவிட்டு நாலு வரி எழுதியிருக்கிறாய். அதிலும் "நல்லாத்தான் போனது" என்று ஒரு வரி.

எண் வேண்டாம். எண் எனக்கு மசூரிடமே கிடைக்கும். அவன் போனில் எல்லாம் பார்க்கிறான். என்ன நடந்தது என்று எழுது.

நாங்கள் சுகம். கோழி பதினாறு.

மாமா


மொறட்டுவை
2024 மார்ச் 2

அன்புள்ள மாமா,

ஸலாம். சுகமாக இருக்கிறேன். பொய் எழுதியதற்கு மன்னியுங்கள்.

சத்தம் இல்லை மாமா. அதுதான் நடந்தது.

பெரிய மைதானம். சுற்றிவர கதிரை. அதில் வயதாளிகள் இரண்டு பேர், ஒருவர் பேப்பர் வாசிக்கிறார், மற்றவர் நித்திரை. தண்ணி ஓடும் கான் ஓரமாக ஒரு நாய். காகம். பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவரும் இடத்தில் போய் நின்றேன். என் சப்பாத்து ஆணி புல்லில் குத்துவது எனக்கே கேட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன். எதற்கு நிற்கிறேன் என்று எனக்கு விளங்கவில்லை. அணித்தலைவர் வந்து, "என்ன, கால் பிடித்துக்கொண்டதா?" என்றார்.

பிறகுதான் விளங்கியது. நான் உங்களுக்காக நின்றிருக்கிறேன்.

ஊரில் நீங்கள் "மகா ஜனங்களே, கடற்கரை முனையிலிருந்து" என்று தொடங்கினால்தான் நான் கால் வைப்பேன். "வருகிறார், வருகிறார்" என்றால் ஓட்டம். நீங்கள் இழுத்து நிறுத்தும் இடத்தில் கை சுற்றும். எனக்கு வேறு கணக்குத் தெரியாது. பாடசாலைப் போட்டியிலும், கம்பஸ் போட்டியிலும் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள். அதை வைத்துச் சமாளித்துவிட்டேன். இங்கே ஒன்றும் இல்லை. ஓடும்போது அடி பிசகியது. பந்து ஒன்று காலடியில் விழுந்தது, ஒன்று தலைக்கு மேலால் போனது. எதிரணிக்காரர்கள் சிரிக்கவில்லை. பாவம் பார்த்தார்கள். அதுதான் பெரிய கேவலம்.

இன்னும் ஒரு போட்டி தருவதாகப் பயிற்றுவிப்பாளர் சொன்னார். மார்ச் 20. அதிலும் இப்படி என்றால் முடிந்தது.

ஒரு உதவி மாமா. போனில் உங்கள் குரலைப் பதிந்து அனுப்புங்கள். ஒரு ஓவர் அளவுக்குப் போதும். இறங்க முதல் காதில் வைத்துக் கேட்டுவிட்டுப் போனால் எனக்கு அடி பிடிபடும். மாமியின் போனில் சிவப்புப் புள்ளியை அமத்தினால் சரி.

உடனே அனுப்புங்கள்.

ஸப்ரி


நிந்தவூர்
2024 மார்ச் 10

சுழற்பந்துச் சுல்தானுக்கு,

ஸலாம். நோன்பு வந்துவிட்டது. மாமி கஞ்சிப் பானையைக் கழுவி வெயிலில் காயப் போட்டிருக்கிறா. பானையின் அளவைச் சொல்வதென்றால், உள்ளே இறங்கிக் கழுவிய ஆள் இன்னும் மேலே வரவில்லை.

குரலைப் பதிந்து அனுப்புவதா? நன்றாக யோசித்துப் பார்த்தேன். முடியாது. என் குரல் போனுக்குள் அடங்கிய குரலா? பதிந்தால் போன் வெடிக்கும், அனுப்பினால் வழியில் உள்ள கோபுரங்கள் எல்லாம் சரியும், பொத்துவிலில் இருந்து கொழும்புவரைக்கும் இருட்டு. நாட்டுக்கு இப்போது அது தாங்காது.

ஆகவே எழுதி அனுப்புகிறேன். பாடமாக்கு. ஓடிவரும்போது நீயே சொல்.

"மகா ஜனங்களே! இதோ... கடற்கரை முனையிலிருந்து... காற்றைக் கையிலே கட்டி, மணலைக் காலிலே தட்டி, றுகையாவின் மகன் ஸப்ரி வருகிறார்... வருகிறார்... வந்துகொண்டே இருக்கிறார்... துடுப்பாட்ட வீரரே, வீட்டில் சொல்லிவிட்டு வந்தீரா?... விட்டார்!"

புள்ளி வைத்த இடத்தில் ஒரு மூச்சு விடு. "வீட்டில்" என்னும்போது கை மேலே போக வேண்டும். "விட்டார்" என்னும்போது பந்து கையில் இருக்கக் கூடாது. இருந்தால் நீ பிழை, நான் பிழையில்லை.

பிரயாணத்தில் இருப்பவனுக்கு நோன்பில் சலுகை உண்டு. வெயிலில் விழுந்து கிடந்து எனக்குப் பெயர் கெடுக்காதே.

இந்த மாதம் என்னிடமிருந்து கடிதம் பிந்தும். அம்பிளிபயர் மட்டக்களப்பில் தங்க வேண்டியிருக்கிறது. கூடவே நானும்.

மாமா


மொறட்டுவை
2024 மார்ச் 23

அன்புள்ள மாமா,

ஸலாம். நான் சுகம். குரல் அனுப்பாததில் எனக்கு மனவருத்தம்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டபடி, நடந்ததை எழுதுகிறேன்.

நோன்போடுதான் விளையாடினேன். முதல் நாள் எட்டு ஓவர், ஒன்றுமில்லை. மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், அடி பிடிபடவில்லை. இரண்டாம் நாள், மார்ச் 21, காலையில் பந்து தந்தார்கள். எதிரே நாட்டுக்கு விளையாடிய ஒருவர். எழுபதைத் தாண்டி நிற்கிறார். நான் ஓடிவரும் இடத்தில் நின்றேன். அதே நாய். வெட்கத்தை விட்டுவிட்டு வாய் திறந்து சொல்லத் தொடங்கினேன். மெதுவாகத்தான். "மகா ஜனங்களே."

கால் தானாக நடந்தது மாமா.

இரண்டு பந்து போனது. மறுமுனையில் நின்ற துடுப்பாட்டக்காரர் நடுவரிடம் முறையிட்டார், இவன் ஓடும்போது ஏதோ கதைக்கிறான் என்று. நடுவர் என்னைக் கூப்பிட்டு, "மல்லி, யாரோடு கதைக்கிறாய்?" என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்துக் கேட்டார். "எங்கள் மாமாவோடு, சேர்" என்றேன். அவர் என் காய்ந்த உதட்டைப் பார்த்தார். நோன்பு என்று விளங்கியிருக்க வேண்டும். மௌத்தான மாமாவுக்கு ஓதுகிறேன் என்று நினைத்தாரோ தெரியாது. தோளில் தட்டி, "மெதுவாகச் சொல்" என்று விட்டுவிட்டார். அல்லாஹ் உங்களுக்கு நூறு வயது தரட்டும்.

வினோஜுக்கு விக்கெட்டுக்குப் பின்னால் இருந்து கேட்டிருக்கிறது. ஓவர் முடிவில் ஓடிவந்து, "டேய், இது உன்ட மாமாட அறிவிப்பெல்லோ! எங்கட வாசல்ல இருந்து கேட்டு வளந்த சத்தம். நீ சொல்லு, சனம் நான்" என்றான். அடுத்த ஓவரில் நான் "வருகிறார்" என்றதும் அவன் கையுறைக்குள் "ஓ...ஓ...ஓ..." என்று ஒரு கடற்கரைச் சனத்தின் சத்தம் போட்டான்.

நாலாவது பந்து. "வீட்டில் சொல்லிவிட்டு வந்தீரா?" பெரியவர் முன்னால் இறங்கி வந்தார். பந்து அவரைத் தாண்டித் திரும்பியது. வினோஜ் பிடித்து விக்கெட்டைத் தட்டிவிட்டான். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். போகும்போது என்னிடம், "நல்ல பந்து" என்றார்.

16 ஓவர், 54 ஓட்டம், ஒரு விக்கெட். துடுப்பெடுத்து இரண்டு ஓட்டம். போட்டி வெற்றி தோல்வியில்லாமல் முடிந்தது.

உங்களுக்குச் சொல்ல உடனே போன் எடுத்தேன். ஒருவரும் தூக்கவில்லை. மூன்று நாளாகத் தூக்கவில்லை. அம்பிளிபயருக்கு இவ்வளவு வேலையா?

ஸப்ரி


நிந்தவூர்
2024 மார்ச் 29

அன்பு மகன் ஸப்ரிக்கு, மாமி முனவ்வறா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்லப் போனால் நான் அழுதுவிடுவேன், நீ பயந்துவிடுவாய். அதனால் இப்படி.

அம்பிளிபயர் அலுமாரிக்கு மேலே இருக்கிறது மகன். அதற்கு ஒரு பழுதும் இல்லை.

மாமாவுக்கு மார்கழியில் இருந்தே குரல் இல்லை. தொண்டையில் கட்டி. மட்டக்களப்பில் வெட்டிப் பார்த்து, கூடாத கட்டி என்று சொன்னார்கள். உனக்குப் போட்டியும் பரீட்சையும் இருக்கிறது, சொல்லக் கூடாது என்று என்னிடமும் உன் உம்மாவிடமும் சத்தியம் வாங்கினார். உன் உம்மா இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறா. நான் சத்தியத்தை உடைக்கிறேன். அல்லாஹ் என்னைப் பொறுப்பான்.

மார்ச் 21 காலையில் ஒப்பரேசன். குரல்வளையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டொக்டர் சொல்கிறார். ஆனால் மைக்கில் கதைக்கும் குரல் இனி வராதாம். போகப் போக, காதுக்குக் கிட்டே வைத்துக் கேட்கும் அளவுக்கு வரலாமாம்.

நீ குரல் கேட்டு எழுதிய கடிதம் வந்த நாளில், என்ட போனை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பதிந்தார். பதினொரு தரம். காற்றுத்தான் வந்தது. ஒவ்வொன்றையும் அழித்தார். கடைசியாக ஒன்றை அழிக்கத் தெரியாமல் விட்டுவிட்டார். பதினாலு செக்கன். நான் வைத்திருக்கிறேன். பிறகுதான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினார்.

உன் விக்கெட் கடிதத்தை மசூர் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து தந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நான் வாசித்தேன். மூன்று தரம் வாசிக்க வைத்தார். நடுவர் கேட்ட இடத்தில் சிரித்து, தையல் இழுத்து, தாதி வந்து என்னைத்தான் ஏசினா. "நோயாளியைச் சிரிக்க வெக்கக் கூடாது" என்று. பிறகு ஒரு துண்டில் எழுதி வார்டு முழுக்கக் காட்டினார். என்ன எழுதினார் தெரியுமா? "நான் மௌத்தானது எனக்கே இப்பதான் தெரியும்."

நீ பதறி வராதே. பெருநாளுக்கு வா. போனைத் தூக்காததற்குக் கோபிக்காதே.

மாமி


மொறட்டுவை
2024 ஏப்ரல் 2

மாமாவுக்கு,

ஸலாம்.

எனக்குக் கோபமில்லை என்று மூன்று தரம் எழுதி, மூன்று கடதாசியைக் கிழித்துவிட்டேன். கோபம்தான். கடிதம்தான் மரியாதை என்று என்னை நம்ப வைத்தீர்கள். நான் நம்பியதில்தான் கூடுதல் கோபம்.

கிளப்பின் பந்துவீச்சாளருக்குத் தோள் சரிவந்துவிட்டது. நேற்று என்னிடம் உடுப்பைத் திருப்பிக் கேட்டார்கள். தொப்பியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் முதல்தரக் கிரிக்கெட் முடிந்தது. போட்டி இரண்டு, ஓட்டம் ஐந்து, விக்கெட் ஒன்று. நான் கொடுத்த ஓட்டம் நூற்று நாற்பத்திரண்டு. அழிக்க முடியாது என்று சொன்னேனே, அதுதான்.

இறுதிப் போட்டிக்கு அறிவிப்பாளரைக் காத்தான்குடியில் இருந்து கூட்டிவரப் போவதாக உம்மா சொன்னா. ஊர்க் கழகத்துக்கு நான் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன், ஆள் வேண்டாம் என்று. நான் செய்வேன். எனக்குச் செய்யத் தெரியாது. நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். பேனையும் துண்டுக் கடதாசியும் நான் கொண்டுவருகிறேன்.

மாமியிடம் அந்தப் பதினாலு செக்கனைக் கேட்டு வாங்கினேன். ஏச வேண்டாம். கேட்டேன். அது வெறும் காற்றில்லை மாமா. நீங்கள் "மகா ஜனங்களே" என்று தொடங்க முதல் மைக்குக்குப் பக்கத்தில் இழுப்பீர்களே, அந்த மூச்சு. அதைத்தான் நான் முதலாம் போட்டியில் தேடிக்கொண்டு நின்றது.

ஸப்ரி


நிந்தவூர்
2024 ஏப்ரல் 20

ஓய்வுபெற்ற முதல்தர வீரரும், ஒரு நாள் அறிவிப்பாளருமான மருமகன் ஸப்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். இந்த முறை உண்மையாகவே. கஞ்சி இறங்குகிறது. தையல் காய்கிறது. மாமி சுகம், கோழி பதினைந்து. பதினாறாவது உனக்குப் பெருநாள் சோற்றில் வந்தது.

நீ பஸ் ஏறி ஒரு கிழமை. ஊர் இன்னும் உன் அறிவிப்பைப் பற்றித்தான் கதைக்கிறது. பயத்தோடு.

முதல் ஓவர் ஞாபகம் இருக்கிறதா? "பந்து ஒன்று. ஓட்டமில்லை. பந்து இரண்டு. ஓட்டமில்லை." பள்ளிவாசலில் ஜனாஸா அறிவிக்கும்போதுகூட அதைவிட உற்சாகம் இருக்கும். வேலியோரம் நின்ற ஒரு ஹாஜியார் இன்னாலில்லாஹி சொல்லி, யார் மௌத்து என்று பக்கத்தில் விசாரித்தார். கடல் பத்தடி பின்வாங்கியது. நான் துண்டுக்கு மேல் துண்டாக எழுதித் தள்ளினேன். நீ அதையும் கடன்காரன் கடதாசி வாசிப்பதுபோல வாசித்தாய்.

ஆனால் ஆறாவது ஓவரில் ஒன்று நடந்தது. நீ மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாய், காணவில்லை. நான் கண்டேன். காரைதீவு அணியின் பந்துவீச்சாளர் கடற்கரை முனையில் பந்தோடு நின்றார். ஓடவில்லை. தலையைத் தூக்கி நம் அறிவிப்புக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் துண்டு உன் கைக்கு வர முதலே, நீ ஒரு மூச்சு இழுத்து, "மகா ஜனங்களே" என்றாய். அந்த ஆள் கால் வைத்தார்.

முப்பத்தொரு வருஷமாக அந்தக் கொட்டிலில் இருக்கிறேன். அவர்கள் எனக்காக நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஸ்கோரைப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உன் கடிதத்தில் வாசித்தபோதும், மருமகன் மாமாவுக்கு ஆறுதலுக்கு எழுதுகிறான் என்று நினைத்தேன். நான் சொல்வதைவிடப் பெரிய பொய் என்று கொஞ்சம் பொறாமையும் பட்டேன்.

அதற்குப் பிறகு நீ என் துண்டு ஒன்றையும் வாசிக்கவில்லை. நான் எழுதுவதை நிறுத்திக் கஞ்சி குடித்தேன்.

உன் விக்கெட் விழுந்ததும் என்னைக் கத்தி வெட்டியதும் ஒரே நாள் என்று மாமி சொல்கிறா. வரலாற்றைத் திருத்திவிட்டேன். ஒரே செக்கன். கொழும்பில் "விட்டார்" என்றதும் மட்டக்களப்பில் டொக்டர் கத்தியை வைத்தார். ஊர் நம்பிவிட்டது. உன்னிடம் யாராவது கேட்டால் கெடுக்காதே.

கடைசியாக ஒன்று. நேற்று மசூர் கடிதம் கொடுக்க வந்த இடத்தில் சந்தியில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "மீரா காக்கா, உங்கட மருமகன் விளையாட்ட விட்டுட்டாராமே, முழுக்க என்னதான் செஞ்சார்?" என்று ஒருவர் கேட்டார். நான் துண்டை எடுத்தேன். எண்பத்தெட்டு விக்கெட் என்று எழுதலாம் என்றுதான் கை போனது. பிறகு மசூரின் போனை வாங்கி, உன் பதிவைப் பார்த்து, அதில் இருந்த ஒரு எண்ணை அப்படியே எழுதிக் கொடுத்தேன். விக்கெட் ஒன்றுக்கு நீ கொடுத்த ஓட்டம்.

"சராசரி: 142."

வாசித்தவர் வாயைப் பிளந்தார். அடுத்தவர் வாங்கிப் பார்த்தார். "நூத்தி நாப்பத்திரெண்டா! உலகத்துலயே இல்லியே!" என்றார். மசூருக்கு விளங்கும். அவன் சைக்கிள் மணியைத் துடைக்கத் தொடங்கினான். துடுப்பாட்டத்துக்கா பந்துவீச்சுக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கு ஏது குரல்?

என் வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னேன் மகன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. அந்தத் துண்டைச் சந்தியில் உள்ள சைக்கிள் ஒட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார்கள்.

பரீட்சையை நன்றாகச் செய். அடுத்த பெருநாளுக்கும் மைக் உனக்குத்தான். அதுவரைக்கும் ஓடிவரும் இடத்தில் நின்று பழகு.

இப்படிக்கு,
மீராமுகைதீன் மாமா
கடற்கரை மைதானத்தின் உதவி அறிவிப்பாளர்